சவுக்கு விதையும் ஒரு பிடி மண்ணும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வருஷம் பைன் விதை போட்டேன். ஜப்பானியக் கறுப்புப் பைன். தாவரவியல் பெயர் பைனஸ் துன்பெர்கி. போன்சாய் என்றதும் நம் கண்ணில் வந்து நிற்கிற மரம் அதுதான். வெடித்துச் செதிலான பட்டை, காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்த தண்டு, கரும்பச்சை ஊசிக் கொத்துகள். விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈர மணலில் கலந்து, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஜனவரியில் எடுத்து விதைத்ததும் பாதிக்கு மேல் முளைத்தன. ஒவ்வொரு முளையும் உச்சியில் ஏழெட்டு வித்திலைகளைக் குடைக்கம்பி போல விரித்துக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மார்ச் கடைசியில் அடித்தண்டு நூலாக இளைத்து ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. நாற்றழுகல். தப்பிய மூன்று நாற்றுகள் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டவில்லை.

பைன் விதைக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அது பிறந்த நாட்டில் குளிர் தொடங்கும் முன் கூம்பு விரிந்து விதை விழும். விழுந்தவுடன் முளைத்தால் இளநாற்று பனியில் செத்துப்போகும். அதனால் அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சித் தடுப்பான் விதையைத் தூங்கவைக்கிறது. ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால்தான் தடை தளரும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைப்பது அந்தக் குளிர்காலத்துக்கு மாற்று. விதையை அப்படி எழுப்பிவிடலாம்; எழுந்த பிறகு அது வாழவேண்டியது சென்னையில். பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடாக ஆக, செலவும் ஏறும். மே மாதத்தில் நள்ளிரவிலும் வியர்க்கிற ஊரில் குளிர்நாட்டுச் செடியின் கணக்கு நாளுக்கு நாள் பற்றாக்குறையில்தான் முடியும். கொடைக்கானலில் பைன் காடு நிற்கிறதே என்று கேட்கலாம். அது 2,000 மீட்டருக்கு மேலே, வெள்ளைக்காரர் காலத்தில் நட்டு உண்டாக்கிய காடு. தென்னிந்தியாவில் தானாக வளரும் பைன் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இயல்பாக இருக்கும் ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்று, நாகியா வாலிச்சியானா; அதுவும் பைன் அல்ல, அதற்கு ஊசியும் இல்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மரத்தை உண்மையாகப் பார்த்தேன்.

ராயபுரத்தில் டிசம்பர் மாதம் வீட்டு வாசலில் நிறுத்தி, நட்சத்திரமும் சீரியல் விளக்கும் மாட்டுகிற கிறிஸ்துமஸ் மரம் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற கம்பு சவுக்கு. கல்யாணப் பந்தல் கால் சவுக்கு. எண்ணூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் போனால் உப்புக்காற்றில் ஊளையிட்டுக்கொண்டு நிற்கும் தோப்பும் சவுக்கு. இந்த மரம் நம் கரைக்கு வந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளின் கடற்கரைதான் இதன் பிறந்தகம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. நிலக்கரி எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில் மதராஸ் எஞ்சின்கள் விறகைத் தின்றன. சீக்கிரம் வளர்ந்து, காய்ந்ததும் கொழுந்துவிட்டு எரிகிற மரம் வேண்டியிருந்தது. கடலோர மணலில், வேறு எதுவும் சரியாக வராத இடத்தில், சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு அந்த விறகுப் பசி ஒரு பெரிய காரணம்.

எட்ட நின்று பார்த்தால் சவுக்கைப் பைன் என்றே நினைக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் இதற்கு ஆஸ்திரேலியப் பைன் என்றே ஒரு பெயர் உண்டு. ஊசி போன்ற பசுமை, உருண்டைக் கூம்பு, காற்றில் அதே இரைச்சல். ஆனால் ஒரு ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில் மீண்டும் செருகலாம். எங்கே கழற்றினேன் சொல் என்று சிறுவயதில் விளையாடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். கழன்ற முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் ஏழெட்டு சின்னப் பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தாம் சவுக்கின் இலைகள். நாம் ஊசி என்று சொல்வது முழுவதும் தண்டு. பச்சையம் ஏறி இலையின் வேலையைச் செய்கிற மெல்லிய கிளை. அதன் நீளத்துக்கு ஓடும் பள்ளங்களுக்குள் இலைத்துளைகள் ஒளிந்திருக்கின்றன. காற்று மேலே உரசிப் போனாலும் பள்ளத்துக்குள் ஈரம் தங்கும். பனியிலும் வறட்சியிலும் தண்ணீரைச் சேமிக்கப் பைன் தன் இலையையே ஊசியாக்கியது. உப்புக்காற்றில் அதே காரணத்துக்காகச் சவுக்கு இலையை ஏறக்குறையத் துறந்துவிட்டுத் தண்டை ஊசியாக்கியது. இருவருக்கும் உறவே இல்லை. பைன் பூக்காத மரம், விதையை மூடாமல் வைப்பது. சவுக்கு பூக்கும் மரம். ஓக், வால்நட் வகைகளுக்குத்தான் சொந்தக்காரன்.

இந்த உறவைக் கண்டுபிடிக்கத் தாவரவியல் பட்ட பாடு தனிக் கதை. ஜாவாவில் போகோர் தோட்டத்தின் தலைவராக இருந்த மெல்கியோர் டிரூப், 1891-ல் சவுக்குப் பூவில் ஒரு வினோதத்தைக் கண்டார். பெரும்பாலான பூக்களில் மகரந்தக் குழாய் சூலின் முனையில் உள்ள துளை வழியாக நுழையும். சவுக்கில் அது அடிப்பக்கமாகிய சலாசா வழியாக ஏறி வந்தது. இதைக் கண்டு, சவுக்குதான் பூக்கும் தாவரங்களின் ஆதி வடிவமோ என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த பி.ஜி.எல். சுவாமி, 1948-ல் சவுக்கின் கருவியலை ஆராய்ந்து நீண்ட கட்டுரை வெளியிட்டார். கன்னட வாசகர்கள் அவரை எழுத்தாளராகக் கொண்டாடுகிறார்கள். சவுக்கு ஆதி மரம் அல்ல, எளிமையாகத் தோன்றுமளவுக்குச் சுருங்கிப்போன பிற்காலத்து மரம் என்பதே இன்று நிலைத்திருக்கும் முடிவு. பற்களாகக் குறுகிய இலையைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

மரத்துக்கு மேலே தெரிவதைவிட மணலுக்குள் நடப்பதுதான் என்னை அதிகம் கட்டிப்போட்டது. போன்சாய் வளர்க்கிறவர்களுக்கும் அதுதான் முக்கியம்.

கடற்கரை மணலில் நைட்ரஜன் கிட்டத்தட்டக் கிடையாது. நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை, பச்சையம் இல்லை. அப்படியிருந்தும் சவுக்கு அங்கே நான்கைந்து வருஷத்தில் வெட்டுமரம் ஆகிறது. வேரைத் தோண்டிப் பார்த்தால் காரணம் கையில் கிடைக்கும். பவளக் கொத்து போலக் கிளைத்த பழுப்பு முடிச்சுகள். அதற்குள் குடியிருப்பது ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர். அவரை, கடலை வேரில் இருக்கும் ரைசோபியத்திலிருந்து முற்றிலும் வேறான இனம்; நூல் நூலாக வளரும் ஆக்டினோபாக்டீரியா. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தின்னக் கொடுக்கிறது. பதிலுக்கு மரம் சர்க்கரை தருகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் பாழாகும். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய சக்தி சுவாசத்திலிருந்து வரவேண்டும், சுவாசத்துக்கோ ஆக்சிஜன் வேண்டும். மற்றச் செடிகளின் முடிச்சில் ஃபிராங்கியா தானே தடித்த சுவருள்ள குமிழ்களைக் கட்டி, அதற்குள் நொதியைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. சவுக்கின் முடிச்சில் அது குமிழ் கட்டுவதில்லை. வீட்டுக்காரனே பாதுகாப்பைச் செய்துவிடுகிறான். நுண்ணுயிர் தங்கும் செல்களின் சுவரை, தக்கையில் இருப்பது போன்ற நீர்புகாப் பொருளால் மரம் மெழுகுகிறது. அதோடு நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு ஹீமோகுளோபினையும் முடிச்சுக்குள் உண்டாக்கி, ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுகிறது. முடிச்சின் நுனிகளிலிருந்து மெல்லிய வேர்கள் கிளம்பும். அவை கீழே போகாமல் மேல்நோக்கி வளரும். ஈரம் கட்டிய மண்ணில் முடிச்சுக்குக் காற்று கொண்டுவருவது அவற்றின் வேலை. முதல் முறை தொட்டியைக் கவிழ்த்து, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த அந்த வேர்களைப் பார்த்தபோது ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஃபிராங்கியா என்ற பெயர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியரின் நினைவாக வந்தது. பிரஷ்ய அரசு அவரிடம் டிரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க வழி கேட்டது. காளானைத் தேடிப்போனவர், மரவேரும் பூஞ்சையும் ஒன்றாகி வாழ்வதைக் கண்டு 1885-ல் அதற்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். பைனுக்கு உயிர்நாடி அந்தப் பூஞ்சைதான். பைனை மாற்றுத் தொட்டியில் நடும்போது வேர்க்கட்டில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருக்கும். பழகியவர்கள் அதைக் கழுவவே மாட்டார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டு நட்டுத் தோற்றார்கள். பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து, பூஞ்சையைச் சேர்த்துவிட்ட பிறகுதான் கன்று தேறியது. ஆக, பைனின் துணையை விளக்கியவர் பெயரையே சவுக்கின் துணையும் தாங்கி நிற்கிறது. ஃபிராங்கியாவைச் செடியிலிருந்து பிரித்துத் தனியே வளர்ப்பது நெடுங்காலம் முடியவில்லை. 1978-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டு ஆய்வு நிலையத்தில், காம்ப்டோனியா என்ற புதரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் டெல் டிரெடிசி, பின்னாளில் பாஸ்டன் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தின் புகழ்பெற்ற போன்சாய்த் தொகுப்பைப் பல வருஷம் பராமரித்தவர். தொட்டி மரத்தின் வேரையும் நுண்ணுயிரையும் ஒரே ஆள் அறிந்திருந்ததைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

சரி, விதைக்கு வருவோம். சவுக்கில் காய் பழுப்பாகி, வாய் திறக்குமுன் பறிக்கவேண்டும். கீழே உதிர்ந்து கிடப்பவை பெரும்பாலும் விதை பறந்துபோன வெறும் கூடுகள். பறித்ததைப் பழைய செய்தித்தாளில் பரப்பி, மேலே கொசுவலைத் துணி போட்டு வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் காய் வெடித்து, கண்ணாடிச் சிறகு வைத்த சின்ன விதைகள் உதிரும். தாவரவியல்படி அது ஒவ்வொன்றும் ஒரு முழுக் கனி. கிலோவுக்குப் பல லட்சம் வரும், அவ்வளவு லேசு. இதற்குக் குளிர் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், பூட்டே கிடையாது. ஆனால் உயிர் சீக்கிரம் போய்விடும். சாதாரண வீட்டுச் சூட்டில் சில மாதம் வைத்தாலே முளைப்பு வெகுவாகக் குறையும். புது விதையிலும் பாதி முளைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆற்றுமணலும் சலித்த தொழு உரமும் கலந்து ஒரு தட்டில் பரப்பி, விதையைத் தூவி, மூடியும் மூடாமலும் மெல்லிசாக மணல் தூவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் வராது. மேலே கொஞ்சம் வைக்கோல், பூவாளியில் தண்ணீர். இங்கே பெரிய எதிரி எறும்பு. நாற்றங்கால் வைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது, ஒரே ராத்திரியில் விதையை வரிசையாகத் தூக்கிப் போய்விடும். பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல, விதைத்தட்டை நான்கு கிண்ணத் தண்ணீரில் கால் வைத்து நிறுத்தினேன். ஒரு வாரத்தில் முளை கண்டது, இரண்டாவது வாரத்தில் தட்டு பச்சையாகிவிட்டது. பைன் முளைக்கு ஏழெட்டு வித்திலை என்றேனே, சவுக்கு முளைக்கு இரண்டே இரண்டு. மிளகாய் நாற்று மாதிரி. நடுவிலிருந்து முதல் ஊசி கிளம்பும்வரை இது சவுக்கு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

விரல் நீளம் வந்ததும் பிரித்து நடவேண்டும். அப்போது ஆணிவேரின் நுனியைக் கத்தரித்துவிட்டால் பக்கவேர்கள் நாலாபுறமும் ஒரே மட்டத்தில் பரவும். பத்து வருஷம் கழித்துத் தொட்டிமரத்தின் அடி, தரையைக் கவ்விக்கொண்டு நிற்பதுபோல் தெரிவது இந்த ஒரு வெட்டினால்தான். விதையிலிருந்து வளர்ப்பதன் லாபமே இது. நர்சரியில் பாலிதீன் பையில் சுருண்ட வேரோடு வரும் கன்றை எத்தனை வருஷம் திருத்தினாலும் அந்தச் சுருள் முழுசாகப் போகாது.

அடுத்தது ஒரு பிடி மண். வளர்ந்த சவுக்கின் அடியில் மேலாகத் தோண்டினால் முடிச்சு கிடைக்கும். கழுவி, அம்மியில் நசுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து நாற்றுகளுக்கு ஊற்றலாம். முடிச்சு கிடைக்காவிட்டால் அந்த மரத்தடி மண்ணையே தொட்டியில் கலக்கலாம். நான் ஒரே நாளில் நட்ட நாற்றுகளில் பாதிக்கு இதைச் செய்து, பாதியை அப்படியே விட்டேன். மூன்றாம் மாதம் வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஊற்றியவை கரும்பச்சை; ஊற்றாதவை வெளிறி, சாண் உயரத்திலேயே நின்றன. யூரியா போட்டாலும் பச்சையாகும். ஆனால் தாராளமாக நைட்ரஜன் கிடைத்தால் செடி முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைக்கும்போது வாடகைக்கு ஆள் வைக்க அதற்கு அவசியம் இல்லை. கொஞ்சம் எலும்புத்தூள் மட்டும் போடுகிறேன், முடிச்சுக்குப் பாஸ்பரஸ் வேண்டும்.

தண்டு பென்சில் கனம் இருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றி வளைத்துவிடவேண்டும். பிறகு கட்டை இரும்பாகிவிடும். சவுக்கு வேகமாகப் பருப்பதால் கம்பி பட்டைக்குள் புதையாமல் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. முதல் மூன்று நான்கு வருஷம் பெரிய வாளியிலோ தரையிலோ விட்டுத் தண்டைப் பருக்க வைத்து, அப்புறம்தான் தட்டைத் தொட்டி. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளை அடர்த்தியாகும். ஆனால் ஒரு கிளையில் பச்சையே இல்லாமல் மொட்டையடித்தால் அந்தக் கிளை பெரும்பாலும் காய்ந்துபோகும். என் முதல் மரத்தின் இடதுபக்கக் கிளையை அப்படித்தான் இழந்தேன். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. உப்பும் வறட்சியும் தாங்கும் மரமாயிற்றே என்று நினைப்பது தவறு, தோப்பில் அதன் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டங்குலத் தொட்டியில் அதற்கு ஏது ஆழம்? கோடையில் இருவேளை ஊற்றி, தொட்டியையே தண்ணீர்த் தட்டில் உட்காரவைக்கிறேன். எண்ணூர்ப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் ஊசியின் பள்ளங்களில் படிந்து இலைத்துளையை அடைக்கும். மாலையில் ஊசிகள் நனையத் தெளித்துக் கழுவிவிட வேண்டும்.

இதெல்லாம் பைன் கிடைக்காததற்கு ஒரு சமாதானம் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானில் கறுப்புப் பைன் மலையுச்சி மரம் அல்ல. அது கடற்கரை மரம். மீன்பிடி ஊர்களையும் வயல்களையும் உப்புக்காற்றிலிருந்தும் மணலிலிருந்தும் காக்க, பல தலைமுறையாகக் கரையோரம் நட்டு வளர்த்த மரம். ரிக்குசென்தகாதா நகரக் கரையில் அப்படிச் சுமார் 70,000 பைன்கள் நின்றன. 2011 மார்ச் சுனாமியில் ஒன்றே ஒன்று தப்பியது. வேரில் உப்பு ஏறி அதுவும் மறுவருஷம் பட்டுப்போனது. நம் கரையில் அந்த இடத்தில் நிற்பது சவுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, அலையாத்திக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அதற்காக மணல்மேடு முழுவதும் சவுக்கு நடுவதை நான் ஆதரிக்கவில்லை. உதிர்ந்த ஊசி மெத்தையில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் வளராது, பங்குனி ஆமை முட்டையிட மேடேறி வரும் இடமும் போய்விடும். தொட்டியில் இருக்கும் மரத்தால் அந்தக் கெடுதல் இல்லை.

தங்கள் ஊர்க் காற்று எந்த மரத்தை எப்படி வளைக்கிறது என்று பார்த்துத்தான் ஜப்பானியர்கள் போன்சாய்க் கலையை வளர்த்தார்கள். தைவானிலும் இந்தோனேசியாவின் மதுரா தீவிலும் போன்சாய்க்காரர்கள் சவுக்கை அப்படித்தான் கையில் எடுத்தார்கள். மதுராவில் முறுக்கி வளரும் சவுக்குக்குச் செமாரா ஊடாங் என்று பெயர். நம் மொழியில் சொன்னால் இறால் சவுக்கு. காசிமேட்டுக்காரர் யாரிடம் சொன்னாலும் அந்த வளைவு உடனே புரியும். நம் கரையில் கல்கொட்டிய தடுப்புக்கு இந்தப் பக்கம், வங்கக்கடல் காற்று அழுத்தி வளைத்த சவுக்குகள் இன்னும் சில நிற்கின்றன. நான் கம்பி சுற்றும்போது மாதிரிக்குப் பார்ப்பது அவற்றை. ஜப்பானியப் புத்தகப் படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

போன ஆடியில் என் மூத்த மரத்தைத் தொட்டி மாற்றினேன். விதைத்து ஆறு வருஷம், உயரம் முழங்கால் அளவு, அடித்தண்டு என் மணிக்கட்டுக் கனம். வேர்க்கட்டில் பாதியை மட்டும் களைந்தேன். முடிச்சுகள் பட்டாணி அளவில் கொத்துக் கொத்தாக இருந்தன, மேல்நோக்கிய வேர்களோடு. களைந்த மண்ணைப் பழைய பெயின்ட் வாளியில் ஈரம் காயாமல் நிழலில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் பழவேற்காட்டிலிருந்து ஒரு பை காய் பறித்து வந்திருக்கிறான். மாடியில் செய்தித்தாள் மேல் அவை இன்று காலை முதல் வெடித்துக்கொண்டிருக்கின்றன.